சங்கிலியின் மறுமுனை

2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளர்களை வைத்துப் பராமரித்துவந்த ஒரு தனியார் இல்லத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே கிடந்தவர்களில் பெரும்பாலோர் காலில் சங்கிலி. அதன் ஒரு முனை கணுக்காலில். மறுமுனை கட்டிலிலோ கம்பத்திலோ. தீ என்றால் ஓட வேண்டும் என்று அறியாத அளவுக்கு அவர்கள் சித்தம் கலங்கியவர்களாய் இருக்கவில்லை. ஓட விரும்பியவர்களே, ஓட முடியாமல் வெந்தார்கள். முதல் நாள் எண்ணிக்கை 25. தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்களிலும் சிலர் பின்னர் இறக்க, மொத்தம் 28 உயிர்கள்.

அன்று நாடே கொதித்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. அரசு ஒரு வாரத்துக்குள் அவ்வூரின் இத்தகைய இல்லங்களை மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இல்லம் நடத்தியவர்கள் மீது வழக்கு. அதிகாரிகள் மீது வசை. தர்கா மீது ஏளனம். எல்லாம் முறையே நடந்தேறின. 1987இல் இயற்றப்பட்டு 1993இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், இத்தகைய இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்று அப்போதே விதித்திருந்தது என்பதைப் பத்திரிகைகள் எடுத்துக்காட்டின. அந்த விதியை எட்டு ஆண்டுகள் உறங்கவிட்டவர்கள் யார் என்றும் கேட்டன. கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆயினும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. அந்த மனிதர்களை ஏர்வாடிக்குக் கொண்டுவந்து விட்டவர்கள் யார்?

அவர்கள் வானத்திலிருந்து விழுந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருந்தது, தெரு இருந்தது, தாயோ, தமையனோ, மனைவியோ, மகனோ இருந்தார்கள். பல மதத்தவர்கள், பல மாநிலத்தவர்கள். ஏர்வாடிக்கு வருகிறவர்களிடம் மதம் கேட்கும் வழக்கம் என்றுமே இருந்ததில்லை. கையைப் பிடித்து அழைத்துவந்து, மாதம் இவ்வளவு என்று பேசி, பணத்தைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பேருந்து ஏறியவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினர். சிலர் மாதந்தோறும் வந்தார்கள். சிலர் பெருநாளைக்கு வந்தார்கள். சிலர் பணம் மட்டும் அனுப்பினார்கள். சிலர் தந்த முகவரியே பொய்யாய் இருந்தது. காலில் கிடந்த சங்கிலியை இல்லத்துக்காரர் மாட்டினார், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கிலிக்குக் கண்ணுக்குத் தெரியாத மறுமுனை ஒன்று இருந்தது. அது நம் வீட்டுத் திண்ணையில், நம் கல்யாணப் பேச்சில், நம் தெருப் பிள்ளைகளின் வாயில், நம் ஜமாஅத்தின் மௌனத்தில் கட்டப்பட்டிருந்தது. இன்றும் அங்கேதான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் வாயிலிருந்து தொடங்குவோம்.

தமிழ் பேசும் நாம், ஊர்களின் பெயரையே வசைச்சொல் ஆக்கிய திறமைசாலிகள். “கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டும்” என்றால் அதற்கு விளக்கம் தேவையில்லை. 1794இல் சென்னையில் தொடங்கிய மனநோய் மருத்துவமனை பின்னர் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறிய நாள் முதலாய், அழகிய ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர் கேலிக்குரியதாயிற்று. இலங்கையில் நம் சகோதரர்களுக்கு அங்கொடை. தென் மாவட்டங்களில் நமக்கு ஏர்வாடி. நகைச்சுவை என்ற பெயரில் நம் திரைப்படங்கள் எத்தனை முறை கிழிந்த சட்டை, கலைந்த தலை, அசட்டுச் சிரிப்பு ஆகியவற்றைக் காட்டி நம்மைச் சிரிக்க வைத்திருக்கின்றன! புற்றுநோய் மருத்துவமனையின் வாயிலில் நின்று எவரும் இவ்வாறு சிரிப்பதில்லை. இதய நோயாளியைப் பார்த்து எவரும் கல்லெறிவதில்லை.

கல்லெறிதல் என்று எழுதும்போது கை கூசுகிறது. ஏனெனில் நாமும் கல்லெறிந்தவர்களே. நாம் சிறுவர்களாய் இருந்த தெருவில், ஒரு வீட்டின் பின்கட்டில் மரச்சட்டம் அடித்த ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். நன்றாகப் படித்தவர், கணக்கில் புலி என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இருபது வயதளவில் ஏதோ குரல்கள் கேட்பதாகச் சொல்லத் தொடங்கினாராம். அதன்பின் அவருடைய பெயரை எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘அது’ என்றுதான் சொன்னார்கள். ஓதிவிட்டு வரும் வழியில் அந்த ஜன்னலில் கல்லெறிந்து, உள்ளிருந்து சத்தம் வந்ததும் ஓடுவது எங்கள் விளையாட்டு. அவருடைய தங்கையின் நிக்காஹ் நடந்த அன்று, “பெரியவன் வெளியூரில் இருக்கிறான்” என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார்கள். பந்தலில் சஹன் வைத்து விருந்து நடந்துகொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து ஓர் இருமல் கேட்டது. உடனே ஒலிபெருக்கியை உரக்க வைத்தார்கள். அவருடைய உம்மா முந்தானைக்குள் ஒரு தட்டை மறைத்துக்கொண்டு கொல்லைப்புறமாய்ப் போனதை நாம் பார்த்தோம். அந்த வயதில் அதன் பொருள் விளங்கவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் இறந்தார். தெருவே திரண்டது. சந்தூக்குக்குத் தோள் கொடுக்கப் போட்டி; நன்மை கிடைக்கும் அல்லவா! “பாவமறியாதவர், சுவனவாசி” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்தத் தாய் உள்ளே இருந்து, அழாமல், “இத்தனை பேர் இந்தத் தெருவிலேயா இருந்தீர்கள்?” என்று கேட்டதாகப் பெண்கள் பின்னர் பேசிக்கொண்டார்கள்.

அது பழைய காலம் என்று சொல்லிவிடாதீர்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு என்ன சொல்லிற்று? வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒருவகை மனநலக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள் என்றது. அவர்களுள் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு எழுபது முதல் தொண்ணூறு பேருக்கு மேல் வரை என்றும் கூறிற்று. ஐந்நூறு பெரியவர்கள் உள்ள ஒரு மஹல்லாவை எண்ணிப் பாருங்கள். சராசரிக் கணக்கின்படி ஐம்பது பேர். அந்த ஐம்பது பேர் எங்கே? பள்ளியின் ஸஃப்பில் நமக்கு அருகே நிற்கிறார்கள். கடையில் தராசு பிடிக்கிறார்கள். வளைகுடாவில் தனியறையில் உறக்கமின்றிப் புரள்கிறார்கள். பிள்ளை பெற்ற நாற்பதுக்குள் காரணமில்லாமல் அழுகிறார்கள். சொல்வதில்லை, அவ்வளவுதான். சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். கீழ்ப்பாக்கம், ஏர்வாடி என்று நாம் வீட்டில் சிரித்ததையெல்லாம் அவர்களும் உடனிருந்து கேட்டவர்கள்தாமே.

நம் சமுதாயத்தில் இவ்விஷயம் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டோடும் நமக்கு வழக்கு இருக்கிறது.

ஒரு கட்சி, எல்லாவற்றுக்கும் ஜின், செய்வினை, கண்ணேறு என்று காரணம் சொல்லும். பெண் பேச்சில்லாமல் ஒடுங்கினாலும் ஜின். பையன் இரவில் உறங்காமல் உலாவினாலும் ஜின். பால்கிதாபு பார்ப்பவரிடம் ஓடும், தாயத்துக் கட்டும், தகட்டுக்கும் புகைக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும், சில இடங்களில் ஷைத்தானை விரட்டுகிறோம் என்று பிரம்பால் அடிக்கவும் செய்யும். ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் நம்பிக்கை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இன்ன மனிதருக்கு இன்ன துன்பம் ஜின்னால்தான் வந்தது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை இந்தத் தகடு விற்பவருக்குக் கொடுத்தது யார்? காய்ச்சல் வந்தால் மருத்துவர். எலும்பு முறிந்தால் மருத்துவர். மூளைக்கு நோய் வந்தால் மட்டும் தகடா? மூளையும் உடலின் உறுப்பு அன்றோ? ஆண்டுகள் பல இவ்வாறு கழிந்து, நோய் முற்றி, கையில் காசும் தீர்ந்தபின் கடைசியாக மருத்துவமனைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே உடனே குணமாகவில்லை என்றால், “பார்த்தீர்களா, ஆங்கில மருந்தால் ஆகவில்லை” என்பார்கள்.

மற்றக் கட்சி, தர்காவுக்குப் போவதே ஷிர்க் என்று மேடையில் முழங்கும். ஏர்வாடித் தீயைக் கூடத் தன் வாதத்துக்கு ஆதாரமாக்கிற்று. சரி, ஐயா, தர்காவுக்குப் போகாதீர்கள் என்கிறீர்கள். பின் எங்கே போவது என்று என்றேனும் சொன்னீர்களா? மனநோயாளி உள்ள வீட்டுக்கு உங்கள் தொண்டர்களில் ஒருவரேனும் போய், “வாருங்கள், அரசு மருத்துவமனைக்கு நான் அழைத்துப் போகிறேன்” என்று சொன்னதுண்டா? உங்கள் நூலகங்களில் தர்கா எதிர்ப்புப் பிரசுரங்கள் அடுக்கடுக்காய் இருக்கின்றன. மனநோய் பற்றிய ஒரு துண்டுத்தாள் இல்லை. அதுமட்டுமன்று. “ஈமான் பலமாக இருந்தால் மனச்சோர்வு வராது” என்று புதியதொரு பழியையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். முன்பு நோயாளியைப் பைத்தியம் என்றோம். இப்போது ஈமான் குறைந்தவர் என்கிறோம். எது கொடியது என்று நோயாளியைத்தான் கேட்க வேண்டும். மகன் யூசுபைப் பிரிந்த துயரத்தால் அழுதழுது கண் வெளுத்துப்போன நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையே எடுத்துரைக்கிறது. அவர்களுடைய ஈமானையும் அளக்கத் துணிவீர்களா?

தர்காவைப் பற்றி ஒரு வார்த்தை நேர்மையாய்ச் சொல்லியாக வேண்டும். அங்கே குடும்பம் நோயாளியோடு தங்குகிறது. எவரும் எவரையும் வேடிக்கை பார்ப்பதில்லை. தலைவிரி கோலமாய் ஒருவர் புலம்பினாலும் முகம் சுளிப்பவர் இல்லை. தெருவில் கிடைக்காத இடம் அங்கே கிடைக்கிறது. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத் தக்கது. தமிழ்நாட்டில் ஒரு கோயிலில் சராசரியாக ஆறு வாரம் தங்கியிருந்த 31 மனநோயாளர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கக் கண்டார்கள். அச்சுறுத்தலற்ற, ஆதரவான அந்தச் சூழலே காரணமாகலாம் என்றும் எழுதினார்கள். ஆக, புனிதத்தலங்கள் அளிப்பது எது? ஏளனத்திலிருந்து ஓய்வு. இது நம் தெருவுக்கு எவ்வளவு பெரிய இழுக்கு! ஒரு மனிதர் நிம்மதியாய் மூச்சுவிடத் தம் ஊரை விட்டே ஓடவேண்டியிருக்கிறது. தீ விபத்துக்குப் பின் அரசு ஏர்வாடி தர்காவின் அருகிலேயே மருத்துவ ஏற்பாடு செய்து, ‘தவா’வும் ‘துஆ’வும் சேர்ந்தே கிடைக்க வழி செய்தது. குஜராத்தின் உனாவா தர்காவிலும் இத்தகைய முயற்சி நடந்தது. துஆ கேட்பவர் கேட்கட்டும்; மருந்தும் உண்ணட்டும். இதில் இரு கட்சிக்கும் என்ன நஷ்டம்?

மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மூவரை விட்டு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்னும் நபிமொழியை மதரஸாப் பிள்ளையும் அறியும்: உறங்குபவர், சிறு பிள்ளை, சித்தம் கலங்கியவர். மலக்குகளே குற்றம் எழுதாத ஒருவரின் கணக்கில் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அறிவு முதிராதவர்களின் பொருளைப் பொறுப்பாளர் காக்க வேண்டும், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்க வேண்டும், அவர்களோடு கனிவாய்ப் பேச வேண்டும் என்று சூரத்துன் நிஸா கட்டளையிடுகிறது. கனிவாய்ப் பேசுவதும் சட்டமாயிற்று என்பதைக் கவனியுங்கள். நம் குடும்பங்களில் நடப்பது என்ன? பாகப்பிரிவினை என்றால் மட்டும் மனநோயாளியின் பெயர் நினைவுக்கு வரும், அதுவும் விலக்குவதற்கு. சித்தசுவாதீனம் இல்லை என்று காரணம் காட்டிப் பங்கை மறுப்பதற்கு எந்த மத்ஹபில் அனுமதி இருக்கிறது? ஒரு மத்ஹபிலும் இல்லை.

இன்னொன்று. மதீனாவில் சித்தத்தில் ஏதோ குறையுள்ள ஒரு பெண்மணி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்றார். அப்பெண்மணி விரும்பும் எந்தத் தெருவிலும் தாம் வந்து நின்று கேட்பதாக நபிகளார் சொன்னார்கள். அவ்வாறே சென்று, அவர் சொல்லி முடிக்கும்வரை தனித்து நின்று கேட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி இருக்கிறது. ஆட்சித் தலைவர், படைத் தலைவர், இறைத்தூதர் ஆகிய ஒருவர் நடுத்தெருவில் நின்று அப்பெண்ணின் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்த் தெருவில் அத்தகைய பெண் ஒருத்தி வந்தால் நாம் செய்வது கதவைச் சாத்துவதன்றி வேறென்ன? நபிமார்களையே மஜ்னூன் என்று எள்ளியவர்கள் யார் என்பதும் திருமறையில் பதிந்திருக்கிறது. அந்தச் சொல்லை வசையாய் ஆண்டவர்களின் வரிசையில் நாம் ஏன் நிற்க வேண்டும்?

நம் முன்னோர் பெருமை பேசும் மீலாது மேடைகளில், மருத்துவமனைகளை உலகுக்கு அளித்தவர்கள் நாமே என்று கேட்கிறோம். பொய்யன்று. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இல் கட்டிய பீமாரிஸ்தான். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பியது. அலெப்போவில் 1354இல் அமைந்த அர்கூன் பீமாரிஸ்தான். இவற்றிலெல்லாம் மனநோயாளர்க்கும் இடமிருந்தது. அர்கூனில் நீரூற்றுகள் நடுவே முற்றங்கள். எதிர்னே நகரில் 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீது கட்டிய மருத்துவமனையில் நோயாளிகளுக்கு இசை வாசிக்கப்பட்டதாகப் பயணி எவ்லியா செலெபி பின்னாளில் எழுதிவைத்தார். ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூஸைத் அல்பல்கீ, உடலையும் உள்ளத்தையும் ஒருசேரப் பேணுவது பற்றி ஒரு நூலே செய்தார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் உள்ளத்தைக் கவ்வும் துக்கம் வேறு என்று அதில் பிரித்துக்காட்டினார். இன்றைய மருத்துவர்கள் வியந்து படிக்கும் நூல் அது.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 1184இல் டமாஸ்கஸுக்கு வந்த இப்னு ஜுபைர், அங்கிருந்த மனநோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் குறித்துச் சென்றார். நம் பொற்காலத்திலும் சங்கிலி இருந்தது. அன்று அவர்களிடம் வேறு வழி குறைவு; மருந்தில்லை. இன்று நமக்கு அந்தச் சாக்கும் இல்லை. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் லித்தியத்தின் பயனைக் கண்டறிந்தார். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் மனநோயாளர்க்குப் பயன்படத் தொடங்கியது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இம்மருந்துகள் எல்லாரையும் முழுமையாய்க் குணப்படுத்தும் என்று நாம் சொல்லவில்லை. பக்க விளைவுகளும் உண்டு. ஆயின் வேலைக்குப் போகவும், பிள்ளை வளர்க்கவும், தொழவும் எண்ணற்றவர்களை மீட்டுத் தந்திருக்கின்றன. நீரிழிவுக்காரர் நாள்தோறும் மாத்திரை போடுவதை எவரும் குறை சொல்வதில்லை. இவர் போட்டால் மட்டும் ‘மெண்டல் மாத்திரை’ என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சி, சற்றுக் குணமானதும் மாத்திரையை நிறுத்தி, மீண்டும் விழுந்தவர்கள் எத்தனை பேர்!

குடும்பம் உடனிருப்பதே பாதி மருந்து என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டார்கள். 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமடித்துத் தங்கவைத்தார். வேலூரில் 1957இல் தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராய்ப் பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், ஓய்வுக்குப் பின்னும் ஓயாமல், 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். நம் ஊருக்கு அருகிலேயே இவ்வளவும் இருக்க, நாம் எதைத் தேடி எங்கே அலைகிறோம்?

அடுத்து நிக்காஹ். நம் சமுதாயத்தின் நோய் முழுவதும் வெளிப்படுவது இங்கேதான். பையனுக்கு மனநோய் என்றால், “கல்யாணம் முடித்து வையுங்கள், சரியாகிவிடும்” என்பார்கள். எந்த மருத்துவ நூலில் இந்த மருந்து எழுதியிருக்கிறதோ தெரியவில்லை. விஷயத்தை மறைத்து ஏதோ ஓர் ஏழை வீட்டுப் பெண்ணைக் கட்டிவைப்பார்கள். அவள் கேள்வி கேட்டால் ஸப்ரு செய்யச் சொல்வார்கள். அதே நோய் பெண்ணுக்கு வந்தாலோ, ஸப்ரு என்ற சொல்லே அகராதியிலிருந்து மறைந்துவிடும்; பெட்டியும் பெண்ணும் தாய்வீட்டு வாசலில் இறக்கப்படுவார்கள். குழந்தை பெற்ற பின் வந்த தற்காலிக மனத்தளர்ச்சிக்காகத் தலாக் பெற்ற பெண்களை நாம் அறிவோம். சில வாரச் சிகிச்சையில் தீர்ந்திருக்கும் நோய், தீராத தண்டனை ஆயிற்று. வயதான உம்மா வாப்பாதான் அவளுக்கும் குழந்தைக்கும் காவல். அவர்களுக்குப் பின் யார் என்ற அச்சத்திலேயே அவர்களுடைய இரவுகள் கழிகின்றன.

மறைப்பது மோசடி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உண்மையைச் சொன்ன குடும்பத்துக்கு நாம் என்ன செய்தோம்? நோயாளியின் தங்கைக்கும், தம்பி மகளுக்கும் கூட வரன் நின்றுபோகும்படி செய்தோம். மறைக்காதே என்று சொல்லும் தகுதியை நாம் எப்போதோ இழந்துவிட்டோம். ஒரு காலத்தில் தொழுநோயையும் இவ்வாறே மறைத்தார்கள். இன்று அது மருந்தால் தீரும் நோய் என்று சட்டமே ஏற்று, 2019இல் அதனை விவாகரத்துக் காரணங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலிருந்தும்தான். தொழுநோயின் பெயரைக் கேட்டு ஓடிய நம் பாட்டன்மார் இதை நம்பியிருப்பார்களா?

தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவரின் வீட்டில் நாம் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தற்கொலை பெரும் பாவம். அதில் இரண்டு கருத்து இல்லை. எனினும் கடுமையான மனநோயின் பிடியில், சுயநினைவும் தீர்மானமும் சிதைந்த நிலையில் இருந்தவரின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது, நம்மிடம் இல்லை. அவருக்கும் ஜனாஸாத் தொழுகை உண்டு என்பதே நம் நாட்டில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் நிலை. அப்படியிருந்தும் தொழவைக்கத் தயங்குகிறார்கள். கபர்ஸ்தானில் மூலை தேடுகிறார்கள். பெற்ற தாயின் காதில் விழும்படி நரகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். முன்னம் குற்றமாய் இருந்த தற்கொலை முயற்சியைக் கூட, 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், கடும் மன அழுத்தத்தால் செய்ததாகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது. சர்க்கார் காட்டும் இரக்கத்தை ரஹ்மானின் அடியார்கள் காட்டக் கூடாதா?

அதே சட்டம், மனநோயாளர் எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று 95ஆம் பிரிவில் தடைசெய்திருக்கிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோல மனநோய்க்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைக் கையிலெடுத்துக் கேட்பதற்குத்தான் ஆளில்லை. கேட்டால் பெயர் வெளியே தெரிந்துவிடுமே!

ஆகவே ஜமாஅத்துகளிடம் நேராகவே சொல்கிறோம். நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது, சந்தாப் புத்தகம் இருக்கிறது, பைத்துல்மால் இருக்கிறது. பள்ளிவாசல் வராந்தாவில் கண் மருத்துவ முகாம் நடத்துகிறீர்கள், சர்க்கரை பரிசோதிக்கிறீர்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் ஒரு நாள் அழையுங்கள். மனநலம் என்று பலகை வைத்தால் எவரும் வரமாட்டார்கள் என்று தோன்றினால், பொது மருத்துவம் என்றே வையுங்கள். வந்தவரிடம் அவர் பேசிக்கொள்வார். ஸகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு மாத மருந்துச் செலவு எவ்வளவு என்று விசாரியுங்கள். கந்தூரி மேடைக்கும் மாநாட்டு வளைவுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இமாம்களே, ஓதிப் பார்க்க வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். ஓதிவிட்டு, “நாளைக் காலையில் மருத்துவரையும் பாருங்கள்” என்று சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மருத்துவரின் பத்து வாக்கியத்தைவிட மதிப்பு அதிகம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலேயே பேசலாம். தொழுகை நேரப் பலகைக்குக் கீழே அந்த ஐந்து இலக்கங்களை எழுதிவைக்க எவ்வளவு சுண்ணாம்பு செலவாகும்?

குடும்பத்தாரிடமும் ஒன்று கேட்கிறோம். உங்கள் வீட்டுப் பின்கட்டில் எவரேனும் இருந்தால், வருகிற பெருநாள் அன்று அவருக்கும் புத்தாடை எடுங்கள். தொழுகைக்கு அழைத்து வாருங்கள். நடுவில் அவர் எழுந்துவிட்டாலும், எதையேனும் சத்தமாய்ச் சொல்லிவிட்டாலும் பரவாயில்லை. அருகில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கட்டும். தொழுகை முடிந்து ஸலாம் சொல்லித் தழுவும் நேரத்தில் அவரிடமும் முதலில் செல்வதற்கு நாங்கள் சிலர் இருக்கிறோம்.